மூளைக்கட்டி எலிச் சோதனையில் கோளாறா? அறிகுறி வாரியாகப் பார்த்துச் சரிசெய்யும் முறை

எலியின் மூளைக்குள் கட்டிச் செல்களைச் செலுத்த வேண்டும், கட்டி பிடித்ததும் மருந்து கொடுக்க வேண்டும், எத்தனை நாள் கூடுதலாக வாழ்கிறது என்று பார்க்க வேண்டும். சொல்ல எளிது. செய்யும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று பிசகும். ஆனால் பிசகுகள் பெரும்பாலும் பழையவையே. ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சரிசெய்த கோளாறுகளை இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குத் தெரிகிற அறிகுறிக்கு நேராகப் போய், மேலிருந்து கீழாகச் சோதித்துக்கொண்டே வாருங்கள். செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ளது கடைசியில்.

இரண்டு அமைப்புகளை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒன்று, சி57பிஎல்/6 எலியில் ஜிஎல்261 அல்லது சிடி-2ஏ செல்கள். எதிர்ப்புச் சக்தி முழுதாக உள்ள எலி, அதே இனத்தின் கட்டி. இன்னொன்று, எதிர்ப்புச் சக்தி குறைந்த நியூட் எலியிலோ என்எஸ்ஜி எலியிலோ யு87 போன்ற மனிதச் செல்கள் அல்லது நோயாளியிடமிருந்து எடுத்து வளர்த்த செல்கள். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும், அறுவைப் பயிற்சியும் உங்களிடம் ஏற்கெனவே உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு ஊசியைத் தொட வேண்டாம்.

எதற்கும் முன்: எலி வாரியான பதிவுத் தாள்

ஒவ்வொரு எலிக்கும் ஒரு வரி. அன்று எத்தனையாவதாக ஊசி போடப்பட்டது, டிரிப்சின் (செல்களைத் தட்டிலிருந்து பிரிக்கும் நொதி) போட்டதிலிருந்து எவ்வளவு நேரம், அன்றைய எடை, ஆழம், துளையில் ரத்தம் வந்ததா, ஊசியை எடுக்கும்போது திரவம் பின்னால் வழிந்ததா, யார் செய்தது, எந்தக் கூண்டு. இந்தத் தாள் இல்லாவிட்டால் கீழே வரும் சோதனைகளில் பாதியைச் செய்ய வழியே இல்லை. குழம்பிப்போய் உதவி கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான்.

அறிகுறி: அறுவை மேசையிலோ அன்றிரவோ எலி இறந்துவிடுகிறது

*ஊசி உள்ளே போகும் முன்பே மூச்சு நின்றால்,* மயக்க மருந்தைப் பாருங்கள். அன்று காலை எடை போட்டீர்களா, போன வார எடையை வைத்துக் கணக்குப் போட்டீர்களா? கெட்டமின்-சைலசின் கலவை என்றால், மயக்கம் தெளிகிறது என்று கலவையையே மறுபடி கொடுக்கக் கூடாது. சைலசின் சேரச் சேர இதயத்துடிப்பு விழும். கூடுதல் தேவைப்பட்டால் கெட்டமின் மட்டும், அதுவும் முதல் அளவில் ஒரு பகுதி. ஐசோஃப்ளூரேன் என்றால் தூங்கவைக்க 4 சதவீதம் வரை போகலாம், அப்புறம் 1.5 முதல் 2 சதவீதத்துக்கு இறக்கிவிட வேண்டும். இறக்க மறப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

*அறுவை நன்றாக முடிந்து, எலி எழுந்திருக்கவே இல்லை என்றால்,* குளிர். இருபது கிராம் உடல் மயக்கத்தில் சில நிமிடங்களிலேயே சூட்டை இழந்துவிடும். 37 டிகிரி வெப்பத் திண்டு அறுவை மேசையில் மட்டும் இருந்தால் போதாது. எலி தானாக நடமாடத் தொடங்கும் வரை கூண்டுக்கு அடியிலும் இருக்க வேண்டும், கூண்டின் பாதிப் பக்கத்துக்கு மட்டும், சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள இடம் விட்டு.

*துளை போட்டதும் ரத்தம் பீறிட்டால்,* மண்டையின் நடுக்கோட்டுக்கு அடியில் ஓடும் பெரிய சிரைக்கு நெருக்கமாகப் போயிருக்கிறீர்கள். ஒரு எலியின் மொத்த ரத்தமே ஒன்றரை முதல் இரண்டு மில்லிலிட்டர்தான். பஞ்சு முனை இரண்டு முறை நனைந்தாலே அது சின்ன இழப்பு கிடையாது. பிரெக்மாவிலிருந்து (மண்டை ஓட்டின் முன்பக்கத்தில் எலும்பு இணைப்புகள் சந்திக்கும் புள்ளி) பக்கவாட்டில் 2 மி.மீ. தள்ளிப் போடுங்கள். ட்ரில் முனை எலும்பைத் தாண்டி உள்ளே குதிக்காமல் இருக்க, எலும்பு காகிதம் போல மெலிந்ததும் நிறுத்திவிட்டு மிச்சத்தை ஊசி முனையால் விலக்குங்கள்.

*செல்களைச் செலுத்தும்போதே மூச்சு மாறினால்,* அளவும் வேகமும்தான் காரணம். எலியின் மூளை முழுவதும் அரை கிராமுக்குள். அதில் 2 மைக்ரோலிட்டர் என்பதே கணிசம். 5-ஐத் தாண்டவே கூடாது. நிமிடத்துக்கு 0.5 மைக்ரோலிட்டர் என்று போங்கள். அவசரப்பட்டால் அடுத்த மூன்று அறிகுறிகளும் உங்களைத் தேடி வரும்.

எப்போது கூப்பிடுவது: ஒரே நாளில் இரண்டாவது எலி இறந்தால் அத்தோடு நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். மூன்றாவது எலியை மேசையில் வைத்து “இது சரியாகிவிடும்” என்று பார்க்க வேண்டாம். இறந்த உடல்களை எறியாமல் குளிரில் வையுங்கள். மண்டையைத் திறந்து பார்த்தால் ரத்தக் கசிவா, மயக்க மருந்தா என்பது தெரிந்துவிடும்.

அறிகுறி: இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் எலி கூனிக்குறுகி, எடை இறங்குகிறது

இதைக் கட்டி என்று எழுதிவைக்காதீர்கள். கட்டி இவ்வளவு சீக்கிரம் எலியைச் சாய்க்காது. ஒரு லட்சம் ஜிஎல்261 செல்கள் போட்டாலும் எலிகள் பொதுவாக மூன்று, நான்கு வாரம் தாங்கும்.

முதலில் வலி. வலி நிவாரணி அறுவைக்கு முன்பே கொடுக்கப்பட்டதா, அடுத்த இரண்டு நாளும் நேரம் தவறாமல் கொடுக்கப்பட்டதா? இரவு நேர டோஸ் விட்டுப்போவது சாதாரணமாக நடக்கிற விஷயம். விட்டுப்போனால் எலி சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் எடை இறங்கும்.

அடுத்தது தீவனம். வாயைத் திறக்க வலிக்கிற எலி, மேலே தொங்குகிற கெட்டித் தீவனத்தை எட்டிக் கடிக்காது. நனைத்த தீவனத்தைக் கூண்டின் தரையிலேயே வையுங்கள். செலவே இல்லாத இந்த ஒரு வேலையால் தேறிய எலிகளைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது காயம். தையல் விட்டிருக்கிறதா, கூண்டுத் தோழன் கடித்திருக்கிறதா, சீழ் தெரிகிறதா? காயத்தில் சீழ் என்றால் அந்த நாளில் பயன்படுத்திய கருவிகள் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை. எலிக்கு எலி முனையைச் சுத்திகரித்தீர்களா என்று பாருங்கள்.

தலை ஒரு பக்கம் சாய்ந்து வட்டமடித்தால் மூளைக்குள் ரத்தக் கசிவோ, தவறான இடத்தில் விழுந்த ஊசியோ இருக்கிறது. நெற்றி வட்டமாக மேலெழுந்தால் மூளைநீர் தேங்குகிறது. இரண்டுக்கும் ஆய்வகத்தில் வைத்தியம் இல்லை. அந்த எலியை வலியில்லாமல் விடுவிப்பதே சரி.

வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெத்தசோன் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். சோதிக்கப்போவது எதிர்ப்புச் சக்தி சார்ந்த சிகிச்சை என்றால் வேண்டாம். ஸ்டீராய்டு, எதிர்ப்புச் சக்தியின் படையான டி செல்களை அடக்கிவிடும், சிகிச்சையின் விளைவை நீங்களே முன்கூட்டி அழித்ததாகிவிடும்.

எப்போது கூப்பிடுவது: நான்காம் நாள் வரை எடை ஏறத் தொடங்கவில்லை என்றாலோ, அறுவைக்கு முந்தைய எடையில் 15 சதவீதம் போய்விட்டாலோ அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலான அனுமதிகளில் 20 சதவீதம் என்பது கடைசி வரம்பு. அது காத்திருந்து எட்ட வேண்டிய இலக்கு அல்ல.

அறிகுறி: கட்டி வளரவில்லை

இதில் மூன்று கிளைகள் உண்டு. எந்தக் கிளை என்று தெரியாமல் செல்லை மாற்றுவது, எலியை மாற்றுவது என்று இறங்கினால் மாதங்கள் போய்விடும்.

*கிளை ஒன்று: ஒரு எலியிலும் வளரவில்லை*

செல்கள் உயிரோடு இருந்தனவா? இதற்கு நான் பரிந்துரைப்பது மிக எளிய சோதனை. அன்றைய அறுவை முடிந்ததும் குழாயில் மிச்சமிருக்கும் செல்களைச் சிரிஞ்ச் வழியாகவே ஒரு பிளேட்டில் விடுங்கள். மறுநாள் ஒட்டிக்கொண்டு வளர்ந்தால் செல்களிலும் சிரிஞ்சிலும் குற்றமில்லை. வளராவிட்டால் எலியைப் பற்றிப் பேசவே தேவையில்லை. காலையில் டிரிப்சின் போட்டு மாலை வரை ஐஸில் வைத்திருந்தீர்களானால் விடை அங்கேயே இருக்கிறது. அறுவை நீளும் நாளில் செல்களை இரண்டு தவணையாக எடுங்கள். தொடங்கும்போது உயிருள்ள செல்கள் 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அன்று ஊசி போட வேண்டாம்.

செல்கள் சரி என்றால் இடத்தைச் சோதியுங்கள். வேறு காரணத்துக்காக ஏற்கெனவே கொல்லப்பட்ட எலியின் உடல் கிடைத்தால், அதே அளவுகளில் ஒரு மைக்ரோலிட்டர் நீலச் சாயத்தைச் செலுத்தி மூளையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஊசியின் இலக்கான மூளையின் உட்பகுதியில், அதாவது ஸ்டிரையேட்டத்தில், நீலப் புள்ளி இருக்க வேண்டும். இல்லையென்றால் மண்டை சமமாகப் பூட்டப்படவில்லை. பிரெக்மாவும், மண்டையின் பின்பக்கத்தில் அதேபோன்ற புள்ளியான லாம்டாவும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று ஊசி முனையால் தொட்டு அளந்து பாருங்கள்.

அப்புறம் எலி இனம். ஜிஎல்261 என்பது 1939-இல் மீத்தைல்கொலாந்த்ரீன் என்ற வேதிப்பொருளை மூளைக்குள் வைத்து சி57பிஎல்/6 எலியில் உண்டாக்கிய கட்டியின் வழிவந்தது. அந்த இனத்தில்தான் அது அன்னியம் அல்லாதது. பால்ப்/சி என்ற வேறு இன எலியில் போட்டால் உடல் தள்ளிவிடும். மனிதச் செல்களை சாதாரண எலியில் போடுவதும் அப்படியே. கூண்டு அட்டையை ஒருமுறை நேரில் போய்ப் படியுங்கள்.

*கிளை இரண்டு: சிலவற்றில் வளர்ந்தது, சிலவற்றில் இல்லை*

பதிவுத் தாளை எடுங்கள். வளராதவை அன்று கடைசியாக ஊசி போடப்பட்டவையா? அப்படியானால் செல்கள் நேரம் ஆக ஆகச் செத்திருக்கின்றன, அல்லது குழாயின் அடியில் படிந்திருக்கின்றன. ஒவ்வொரு எலிக்கும் முன்பு மெதுவாகக் கலக்கி எடுக்க வேண்டும். சிரிஞ்சுக்குள் ஏற்றிவைத்துவிட்டு எலும்பைத் துளைக்கத் தொடங்கினால் செல்கள் சிரிஞ்சுக்குள்ளேயே படிந்துவிடும். துளை முதலில், ஏற்றுவது பிறகு.

வளராதவை வரிசையில் சிதறிக் கிடந்தால், “பின்னால் வழிந்தது” என்று குறித்த எலிகளோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள். பொருந்தாவிட்டால் ஊசியை வெளியே ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மெல்லிய ஊசியில் செல் திரள் அடைத்துக்கொள்வது உண்டு. 40 மைக்ரான் வலையில் வடிகட்டினால் தீரும்.

*கிளை மூன்று: வளர்ந்தது, பிறகு மறைந்தது*

எதிர்ப்புச் சக்தி வேலை செய்திருக்கிறது. லூசிஃபெரேஸ் சேர்த்த செல்களில் இது அதிகம். மின்மினியின் புரதம் எலிக்கு அன்னியம். ஒளி தெரிவதற்காக நீங்கள் சேர்த்த அதே புரதத்தை டி செல்கள் குறிவைக்கலாம். லூசிஃபெரேஸ் இல்லாத மூலச் செல்லை நான்கைந்து எலிகளில் பக்கத்திலேயே போட்டுப் பாருங்கள். அவை ஒழுங்காக வளர்ந்தால் காரணம் உறுதி. செல்களைக் கழுவும்போது மாட்டுச் சீரம் மிச்சமிருந்தாலும் கூடுதல் தூண்டுதல்தான், ஆகவே சீரமில்லாத திரவத்தில் இரண்டு முறை கழுவுங்கள். ஆண் எலியிலிருந்து வந்த செல்லைப் பெண் சி57பிஎல்/6 எலியில் போட்டால் ஆண் குரோமோசோமின் புரதங்களே அன்னியமாகிவிடும். இந்த இனத்தின் பெண் எலிகள் அதைக் கடுமையாக எதிர்ப்பவை.

எப்போது கூப்பிடுவது: இவை எல்லாம் சரியாக இருந்தும் வளரவில்லை என்றால் மைக்கோபிளாஸ்மா பரிசோதனை, செல் அடையாளப் பரிசோதனை இரண்டுக்கும் அனுப்புங்கள். செல் வளர்ப்பில் தொற்றும் பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மா செல்லைக் கொல்லாது, கண்ணுக்குத் தெரியாது. வளர்ச்சியையும் எதிர்ப்புச் சக்தியையும் மாற்றிவிடும். அடையாளத்தைப் பொறுத்தவரை இந்தத் துறையில் யாரும் அலட்சியமாக இருக்க முடியாது. யு373 என்று உலகெங்கும் பயன்படுத்திய செல் உண்மையில் யு251 என்று தெரியவந்தது. பரவலாக விற்கப்படும் யு87, உப்சாலாவில் 1960-களில் அது எடுக்கப்பட்ட மூலக் கட்டியோடு பொருந்தவில்லை என்று 2016-இல் ஸ்வீடன் ஆய்வாளர்களே காட்டினார்கள்.

அறிகுறி: கட்டி மண்டைக்கு வெளியே முளைக்கிறது, அல்லது மூளையின் உறைகளில் பரவுகிறது

தோலுக்கு அடியில் பட்டாணி போல ஒரு முடிச்சு தெரிந்தால் செல்கள் ஊசித் தடம் வழியே மேலே வந்துவிட்டன. ஊசியை 3.5 மி.மீ. வரை இறக்கி, 3 மி.மீ.க்கு மேலே இழுத்து, அங்கே உண்டான சிறு குழியில் செல்களை விடுங்கள். முடிந்ததும் ஐந்து நிமிடம் அசையாமல் காத்திருங்கள். பிறகு மில்லிமீட்டருக்கு ஒரு நிமிடம் என்று மெதுவாக எடுங்கள். எடுத்த கையோடு துளையைத் துடைத்து எலும்பு மெழுகால் அடையுங்கள். இதற்குமேல் பெரிய ரகசியம் இல்லை. இந்தக் கோளாறு வருகிற இடங்களில் பெரும்பாலும் காத்திருக்கும் நிமிடங்களைத்தான் குறைத்திருப்பார்கள்.

தலை உப்பி, வெட்டிப் பார்த்தால் மூளை அறைகளின் சுவரெல்லாம் கட்டி படர்ந்திருந்தால், ஊசி பக்க அறைக்குள் போயிருக்கிறது. பக்கவாட்டு அளவு 1 மி.மீ. பக்கம் வந்துவிட்டால் அந்த அறையில்தான் இறங்கும். 2 மி.மீ.யைக் காப்பாற்றுங்கள்.

வெளிக்கட்டி உள்ள எலியை ஆய்விலிருந்து நீக்கலாம். ஆனால் நீக்கும் விதியை ஊசி போடுவதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். முடிவு தெரிந்தபின் நீக்கினால் அது வேறு விஷயம்.

அறிகுறி: ஒரே குழுவில் ஒன்று பதினெட்டாம் நாள் சாய்கிறது, இன்னொன்று நாற்பதாம் நாள் நடமாடுகிறது

மருந்து கொடுக்காத கன்ட்ரோல் குழுவிலேயே இப்படிச் சிதறினால் எந்த மருந்தையும் அதில் அளக்க முடியாது.

ஒரு தாளில் குறுக்கே ஊசி வரிசை எண், நெடுக்கே வாழ்ந்த நாள். புள்ளிகளை வைத்துப் பாருங்கள். சாய்வாகக் கோடு தெரிந்தால் செல் படிவுதான் காரணம், மேலே சொன்ன கிளை இரண்டு. இரண்டு கொத்தாகப் பிரிந்தால் ஊசி போட்டவர்கள் இரண்டு பேரா என்று பாருங்கள். ஒருவரே எல்லா எலிக்கும் போட வேண்டும். முடியாவிட்டால் ஒவ்வொருவர் போட்ட எலிகளும் எல்லாக் குழுவிலும் சமமாகப் பிரிய வேண்டும்.

வரிசையில் ஒன்றும் தெரியவில்லையா? அடுத்தது, “இறந்த நாள்” என்று எதை எழுதுகிறீர்கள் என்பது. ஒருவர் கூனல் தெரிந்ததும் எலியை விடுவிப்பார், இன்னொருவர் காலை இழுக்கும் வரை பொறுப்பார். இதிலேயே நான்கைந்து நாள் வித்தியாசம் வந்துவிடும். கூனல், கலைந்த மயிர், தள்ளாட்டம், வலிப்பு, எடை இழப்பு என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் எழுதி, மொத்தம் இன்னது ஆனால் அன்றே விடுவிப்பது என்று பூட்டுங்கள். மதிப்பெண் போடுகிறவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியக் கூடாது. எலி தானாகச் செத்துக் கிடக்கட்டும் என்று காத்திருப்பதை நான் ஏற்பதில்லை. வலிப்பில் துடிக்கிற எலியிடமிருந்து கிடைக்கும் கூடுதல் ஒரு நாள் எந்த நோயாளிக்கும் உதவாது. இரவில் இறந்து விறைத்த மூளையில் திசு ஆய்வும் சரியாக வராது.

சிகிச்சை தொடங்கும் முன் ஒளி அளவை எடுத்து, கட்டியின் அளவு எல்லாக் குழுவிலும் சமமாக வரும்படி பிரித்துக்கொள்ளுங்கள். கூண்டு கூண்டாகக் குழு பிரிக்காதீர்கள்.

எப்போது கூப்பிடுவது: எத்தனை எலி வேண்டும் என்ற கேள்வியோடு புள்ளியியல் வல்லுநரிடம் போவது சோதனைக்கு முன்பு. முடிந்தபின் போனால் அவரால் செய்யக்கூடியது கொஞ்சமே.

அறிகுறி: ஒளி அளவு ஒன்று சொல்கிறது, எலி வேறு சொல்கிறது

*ஒரு எலி மட்டும், ஒரு நாள் மட்டும் திடீரென மங்கினால்,* லூசிஃபெரின் (லூசிஃபெரேஸ் ஒளிவிடுவதற்காக ஊசியில் கொடுக்கும் பொருள்) வயிற்றுக்குள் போகாமல் குடலிலோ தோலடியிலோ போயிருக்கும். வயிற்று ஊசியில் இது எல்லோருக்கும் நடக்கிறது. மறுநாள் மறுபடி எடுங்கள். வழக்கமான அளவு கிலோவுக்கு 150 மி.கி. கரைசல் மில்லிலிட்டருக்கு 15 மி.கி. என்றால் எடையில் ஒவ்வொரு கிராமுக்கும் 10 மைக்ரோலிட்டர்.

*எல்லா எலியும் அன்று மங்கினால்,* நேரத்தைப் பாருங்கள். ஊசி போட்டு 10 முதல் 15 நிமிடத்தில் உச்சம் வரும். ஆனால் உங்கள் மாதிரியில் எப்போது வருகிறது என்பதை ஒருமுறை இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து நீங்களே வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். லூசிஃபெரின் பல முறை உருகி உறைந்ததா, வெளிச்சத்தில் கிடந்ததா என்றும் பாருங்கள். கருப்பு எலி என்றால் தலை மயிரை மழித்தீர்களா? மயிர் மறுபடி முளைக்கும் பருவத்தில் தோலே கருக்கும், அது ஒளியை விழுங்கும்.

*எலி சோர்கிறது, ஒளி மட்டும் ஏறவில்லை என்றால்* கொஞ்சம் யோசிக்க வேண்டும். மின்மினி லூசிஃபெரேஸுக்கு ஆக்சிஜனும், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியும் வேண்டும். பெரிய கட்டியின் நடுப்பகுதி செத்துப்போனால் அங்கே ஒளி இல்லை. அல்லது செல்கள் லூசிஃபெரேஸ் மரபணுவை அணைத்துவிட்டன. கட்டியைப் பிரித்து வளர்த்து, லூசிஃபெரின் விட்டுப் பார்த்தால் எது என்று தெரியும்.

*மருந்து கொடுத்ததும் ஒளி கூடினால்,* கட்டி வளர்ந்துவிட்டது என்று பதறாதீர்கள். லூசிஃபெரினை மூளைக்குள் விடாமல் வெளியேற்றுகிற பம்புகளில் ஒன்று ஏபிசிஜி2. உங்கள் மருந்து அந்தப் பம்பை அடைத்தால், அதே கட்டிக்குக் கூடுதல் லூசிஃபெரின் கிடைத்து ஒளி கூடும். மருந்து கொடுப்பதற்கும் படம் எடுப்பதற்கும் இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள்.

எப்போது கூப்பிடுவது: இரண்டு வாரம் தொடர்ந்து ஒளியும் எலியும் பொருந்தாவிட்டால் எம்ஆர்ஐ வசதியுள்ள மையத்தில் ஒரு சில எலிகளையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள். விலை அதிகம், ஆனால் அளவைக் கண்ணால் பார்ப்பீர்கள்.

அறிகுறி: தட்டிலும் தோலடிக் கட்டியிலும் வேலை செய்த மருந்து மூளையில் வேலை செய்யவில்லை

மருந்தைக் குறைசொல்வதற்கு முன் கரைசலைப் பாருங்கள். மூளைக்கட்டிக்கு வழக்கமாகக் கொடுக்கும் டெமோசோலமைடு பிஎச் 7.4-இல் இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகச் சிதைந்துவிடும். அமிலத்தன்மையில்தான் நிலைக்கும். வாரத்தின் முதல் நாள் கரைத்து வெள்ளிக்கிழமை வரை கொடுத்தால், கடைசி நாட்களில் எலிக்குப் போனது மருந்தே அல்ல. அன்றன்று கரையுங்கள்.

கரைசல் சரி என்றால் செல்லின் தன்மை. எம்ஜிஎம்டி என்ற பழுதுநீக்கும் புரதம் உள்ள டி98ஜி போன்ற செல்கள் டெமோசோலமைடைத் தாங்கும். அது அணைந்திருக்கும் யு87 தாங்காது. நோயாளிகளிலும் இதே கதைதான். உங்கள் செல்லில் எது என்று தெரியாமல் டோஸைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள், எலிக்கு வெள்ளணு விழுவதுதான் மிஞ்சும்.

இரண்டும் சரி என்றால் ரத்த-மூளைத் தடுப்பு, அதாவது ரத்தத்தில் உள்ள பல பொருட்களை மூளைக்குள் விடாத அரண். தோலடிக் கட்டிக்கு இந்தத் தடுப்பு கிடையாது, ஆகவே அங்கே கிடைத்த வெற்றி மூளைக்கு எதையும் உறுதி செய்வதில்லை. பி-கிளைகோபுரோட்டீன், ஏபிசிஜி2 என்ற பம்புகள் வெளியே தள்ளுகிற மருந்துகள் பல. எர்லோடினிப் அவற்றில் ஒன்று. டோஸ் கொடுத்து ஒன்று, இரண்டு, நான்கு மணி நேரத்தில் சில எலிகளின் ரத்தத்தையும், கட்டியையும், எதிர்ப்பக்க நல்ல மூளையையும் தனித்தனியாக எடுத்து மருந்து அளவைப் பாருங்கள். எதிர்ப்பக்க மூளையில் மருந்தே இல்லை, கட்டி நடுவில் மட்டும் இருக்கிறது என்றால், கசியும் கட்டி உங்களை ஏமாற்றுகிறது. யு87 கட்டி உருண்டையாக, விளிம்பு தெளிவாக, கசிவோடு வளரும். மனிதரின் கொடிய மூளைக்கட்டியான கிளியோபிளாஸ்டோமா நல்ல மூளைக்குள் வேர்விட்டுப் படரும். தடுப்பு கெடாத அந்த ஓரத்தில் இருக்கிற செல்கள்தான் அறுவைக்குப் பிறகு திரும்பி வருபவை. நோயாளியிடமிருந்து எடுத்து, தட்டில் பழகாத செல்கள் எலியிலும் ஓரளவு அப்படியே படரும். மெதுவாக வளரும், செலவு அதிகம், ஆனால் இந்தக் கேள்விக்கு அவைதான் தகுதியானவை.

எப்போது கூப்பிடுவது: திசுவில் மருந்தளவு பார்ப்பது நிறை நிறமாலை வேலை. மருந்தியல் துறையிடம் முன்கூட்டியே பேசி, எந்தக் குழாயில், எவ்வளவு குளிரில் மாதிரி வேண்டும் என்று கேட்டுக்கொண்ட பிறகு எலியைத் தொடுங்கள்.

அறிகுறி: மருந்து நம்ப முடியாத அளவுக்கு வேலை செய்கிறது

இதைக் கோளாறு என்று யாரும் கொண்டுவருவதில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். கட்டி பிடிக்காத எலியைப் பற்றி எல்லோரும் தூக்கம் கெடுவார்கள், குணமான எலியை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

முதலில், சிகிச்சை எந்த நாளில் தொடங்கியது? ஊசி போட்ட மூன்றாம் நாள் என்றால் அங்கே கட்டி என்று ஒன்று அமைந்திருக்கவில்லை. செல்கள் ஒட்டுவதைத் தடுத்திருக்கிறீர்கள். பத்தாம் நாளுக்குப் பிறகு, ஒளி ஏறுவது உறுதியான எலிகளில் மட்டும் தொடங்கி மறுபடி செய்யுங்கள்.

அடுத்து, கன்ட்ரோல் குழுவில் எத்தனை எலி தானாகவே தப்பியது? ஒன்றிரண்டு தப்பியிருந்தால் “மருந்தால் குணமானவை” என்ற எண்ணிக்கையிலும் அப்படிப்பட்டவை ஒளிந்திருக்கும்.

பிறகு செல் லைன். ஜிஎல்261 நிறைய மரபணு மாற்றங்கள் சுமப்பது, எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் எளிதில் படுவது. டி செல்களின் பூட்டைத் திறந்துவிடும் பிடி-1 தடுப்பு மருந்துக்கு இது நன்றாக இணங்கும். மனிதக் கட்டி அப்படி இல்லை. மறுபடி வந்த கிளியோபிளாஸ்டோமா உள்ள 369 நோயாளிகளிடம் பிடி-1 தடுப்பு மருந்தான நிவோலுமாபைப் பெவாசிஸுமாப் என்ற வேறு வகை மருந்தோடு ஒப்பிட்ட மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2020-இல் வெளியானது. வாழ்நாள் இரு குழுவிலும் ஏறத்தாழ பத்து மாதமே. எலியில் கண்ட நம்பிக்கை அந்த நோயாளிகளுக்குப் பலிக்கவில்லை. ஆகவே மரபணு மாற்றங்கள் குறைந்த எஸ்பி28 என்ற எலிக்கட்டிச் செல்லிலும், சிடி-2ஏ-இலும் அதே மருந்தைப் போட்டுப் பாருங்கள். மூன்றிலும் கொஞ்சம் உதவினால், ஒன்றில் மட்டும் எல்லா எலியும் பிழைத்ததைவிட அது பெரிய செய்தி.

பிழைத்த எலிகளின் மூளையைக் கட்டாயம் வெட்டிப் பாருங்கள். நோய்க்குறியியல் நிபுணர் ஒருவரிடம், எந்த எலி எந்தக் குழு என்று சொல்லாமல், கண்ணாடித் தகடுகளைக் கொடுங்கள். ஊசித் தடத்தில் வடு இருந்து கட்டி இல்லை என்றால் ஒன்று, வடுவே சரியான இடத்தில் இல்லை என்றால் வேறு.

அறிகுறி: கதிர்வீச்சு கொடுத்த எலிகள் கட்டிக்கு முன்பே இறக்கின்றன

என்எஸ்ஜி எலியா? அப்படியானால் இதற்குமேல் தேட வேண்டாம். அதன் ஸ்கிட் மரபணு மாற்றம் டிஎன்ஏ இழை முறிவைச் சரிசெய்யும் திறனையே பறித்துவிட்டது. மற்ற எலி தாங்கும் டோஸை அது தாங்காது. கட்டி சுருங்குவதையும் எலி சாவதையும் அதில் பிரித்துப் பார்க்க முடியாது. கதிர்வீச்சு வேண்டுமென்றால் நியூட் எலிக்கு, அல்லது ராக்1 மரபணு நீக்கிய என்ஆர்ஜி எலிக்கு மாறுங்கள்.

நியூட் எலியிலும், சி57பிஎல்/6-இலும் ஒரு வாரம் பத்து நாள் கழித்து எடை விழுந்தால் வாயைத் திறந்து பாருங்கள். தலை முழுவதும் கதிர் பட்டால் நாக்கும் வாயின் உட்தோலும் வெந்து, எலி சாப்பிடாமல் போகிறது. ஈயத் தகட்டின் திறப்பு, மூக்கிலும் தாடையிலும் கதிர் படாதபடி நிற்கிறதா என்று சரிபாருங்கள், நனைத்த தீவனத்தை முன்கூட்டியே வையுங்கள். ஒரே நாளில் கொட்டாமல் 2 கிரே (கதிர்வீச்சு டோஸின் அலகு) அளவில் பிரித்துக் கொடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் இறந்தால் இயந்திரம் காட்டும் டோஸும் எலிக்குப் போகும் டோஸும் ஒன்றா என்று அளக்க வேண்டும். அது உங்கள் வேலை அல்ல. கதிரியக்க இயற்பியலாளரை வரவழைத்து, எலி படுக்கும் அதே இடத்தில், அதே ஈயத் தகட்டோடு, அளவுமானி வைத்து அளக்கச் சொல்லுங்கள். அவர் எழுதிக் கொடுக்கும் வரை அடுத்த எலியை உள்ளே வைக்காதீர்கள்.